சாய்ந்த மனையைத் திருப்ப வேண்டாம், அச்சைத் திருப்புங்கள்: ஆட்டோகேட் கோஆர்டினேட் முறைகளுக்கு முழுமையான வழிகாட்டி

சர்வேயர் அனுப்பிய கோப்பை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் திறக்கிறீர்கள். திரை வெறுமையாக இருக்கிறது. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் மனை தெரிகிறது, ஆனால் கோணலாக. கர்சரை அதன் மேல் கொண்டுபோனால் கீழ்ப்பட்டையில் 421350, 1446120 என்று எண்கள் ஓடுகின்றன. இதைப் பார்த்ததும் கை தானாக மூவ் கமாண்டுக்குப் போகும். மனையின் ஒரு மூலையை 0,0-க்கு இழுத்து வைத்து, ரொட்டேட் கொடுத்து நிமிர்த்தி, அப்புறம் பிளான் போட ஆரம்பிப்போம்.

நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒரு வீட்டு வேலையில் மனையின் சாய்வு 36.87 டிகிரி. குறிப்பேட்டில் 37 என்று எழுதி வைத்தேன். பிளான் முடிந்து, தூண்களுக்குப் புள்ளி வைக்க சர்வேயர் கோஆர்டினேட் கேட்டபோது, படத்தை அதே 37 டிகிரிக்குத் திருப்பி, பழைய இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தேன். வித்தியாசம் 0.13 டிகிரி. 20 மீட்டர் தூரத்தில் அது நாலரை சென்டிமீட்டர். பின்பக்க மூலைத் தூணுக்கு அடித்த ஆப்பு மதில் நூலை நெருங்கி நிற்பதை மேஸ்திரி கவனித்துச் சொன்னார். குழி தோண்டும் முன்பே திருத்திவிட்டோம். இரண்டு நாள் வேலை போனது.

அதற்குப் பிறகு என் பழக்கம் மாறியது. படம் அது இருக்கும் இடத்திலேயே இருக்கும். எனக்கு வசதி வேண்டுமென்றால் அச்சைத் திருப்பிக்கொள்வேன். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஆட்டோகேடை வைத்துச் சொல்கிறேன். பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றிலும் கமாண்டுகள் பெரும்பாலும் இவைதான்.

## வேர்ல்டும் யுசிஎஸ்ஸும்

பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த ஆதிப்புள்ளி, எக்ஸ் அச்சு, ஒய் அச்சு நினைவிருந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டோகேட் கோப்பிலும் அசைக்க முடியாத ஒரு அச்சு முறை இருக்கிறது. அதற்கு வேர்ல்டு கோஆர்டினேட் சிஸ்டம் என்று பெயர், சுருக்கமாக வேர்ல்டு. நீங்கள் வரையும் ஒவ்வொரு கோட்டின் முனையும் கடைசியில் இந்த வேர்ல்டு கணக்கில்தான் நிலைபெறுகிறது. வீட்டுக்குக் கதவு எண் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: சர்வேயர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மூவரும் ஒரே கதவைத் தட்ட இதுதான் வழி.

யுசிஎஸ் (யூசர் கோஆர்டினேட் சிஸ்டம்) என்பது அதன் மேல் நீங்கள் போட்டுக்கொள்ளும் தற்காலிக அச்சு. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எந்தக் கோணத்திலும் திருப்பலாம். கோட்டின் உண்மையான இடம் இதனால் மாறாது. நீங்கள் தட்டச்சு செய்யும் எண்ணை மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்பது மட்டும் மாறும். 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது இந்த வசதி இல்லை. 1988-இல் வந்த பத்தாம் வெளியீட்டில்தான் யுசிஎஸ் சேர்ந்தது. முப்பரிமாண வேலைக்காக வந்தது என்பதால், பிளான் மட்டும் போடுபவர்கள் பலர் இது தங்களுக்கானது இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சாய்ந்த மனையில் வேலை செய்யும் எவருக்கும் இது தேவை.

எந்த அச்சில் இருக்கிறோம் என்பதைத் திரையின் இடது கீழ் மூலையில் உள்ள ஐகானைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு அச்சுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம் இருந்தால் வேர்ல்டு. சதுரம் இல்லையென்றால் யாரோ யுசிஎஸ் மாற்றியிருக்கிறார்கள். ஐகானே காணவில்லை என்றால் யுசிஎஸ்ஐகான் கமாண்டில் ஆன் கொடுங்கள். அதே கமாண்டில் ஆரிஜின் என்ற தேர்வைப் போட்டுவைத்தால் ஐகான் மூலையில் நிற்காமல் 0,0 இருக்கும் இடத்திலேயே உட்காரும். எப்போதும் அப்படியே வைத்திருங்கள்.

## முதலில் அலகும் கோணமும்

யூனிட்ஸ் கமாண்டைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். சர்வே கோப்பு பெரும்பாலும் மீட்டரில் இருக்கும்: ஒரு யூனிட் ஒரு மீட்டர். நம் ஊர் வீட்டுப் பிளான் பலவும் அடி-அங்குலத்தில் போகிறது. ஆர்க்கிடெக்சுரல் என்று வைத்தால் ஒரு யூனிட் ஒரு அங்குலம். அதில் வெறும் 10 என்று அடித்தால் பத்து அங்குலம்தான், பத்து அடி வேண்டுமென்றால் 10' என்று அடிக்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த அலகு என்பதை யூனிட்ஸ் பெட்டியின் இன்செர்ஷன் ஸ்கேல் என்ற இடத்தில் சரியாகச் சொல்லிவைத்தால், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகும்போது ஆட்டோகேட் தானே பெருக்கிக்கொள்ளும். சொல்லாமல் விட்டால் மீட்டர் மனை மில்லிமீட்டர் கோப்பில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி வந்து உட்காரும்.

அடுத்து கோணம். ஆட்டோகேடுக்கு கிழக்குத் திசை 0 டிகிரி, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கோணம் ஏறும். சர்வேயரின் பேரிங் (திசைக்கோணம்) வடக்கில் 0, கடிகார முள் போகும் பக்கமாக ஏறும். மாற்றுவது சுலபம்: 90-லிருந்து பேரிங்கைக் கழியுங்கள். பேரிங் 53.13 என்றால் ஆட்டோகேட் கோணம் 36.87. பேரிங் 200 என்றால் 90 கழித்தல் 200, அதாவது −110. அதையே 250 என்றும் அடிக்கலாம். யூனிட்ஸ் பெட்டியில் கடிகாரத் திசைக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும், வடக்கை 0 ஆக்கும் வசதியும் இருக்கின்றன. நான் அவற்றைத் தொடுவதில்லை. அந்த மாற்றம் கோப்போடு போகும். அடுத்து திறப்பவர் வழக்கம்போல 90 என்று அடித்து, கோடு வேறு பக்கம் ஓடுவதைப் பார்த்துத் திகைப்பார்.

## புள்ளியைத் தட்டச்சு செய்வது

வெறும் 4,3 என்று அடித்தால் ஆதிப்புள்ளியிலிருந்து 4 வலப்பக்கம், 3 மேலே. @4,3 என்று அடித்தால் கடைசியாக வைத்த புள்ளியிலிருந்து அதே அளவு. @5<36.87 என்றால் கடைசிப் புள்ளியிலிருந்து அந்தக் கோணத்தில் 5 தூரம். அன்றாட வேலையில் முக்கால்வாசி இந்த மூன்றில் முடிந்துவிடும். மிச்சத்துக்கு ஆர்த்தோவை (கோட்டை அச்சுத் திசையில் மட்டும் ஓடவிடும் வசதி) எஃப்8-இல் போட்டு, கர்சரைத் திசை காட்டி நிறுத்தி, தூரத்தை மட்டும் அடிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் பலரைப் பிடிக்கிறது. 2006 பதிப்பிலிருந்து டைனமிக் இன்புட் என்ற வசதி இருக்கிறது. கர்சர் பக்கத்திலேயே பெட்டி வந்து எண் கேட்கும். அது இயங்கும்போது, இரண்டாவது புள்ளியிலிருந்து நீங்கள் @ போடாவிட்டாலும் போட்டதாகவே எடுத்துக்கொள்ளும். 421362.20,1446129.40 என்று முழு கோஆர்டினேட் அடித்தால், முந்தைய புள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் தாண்டிக் கோடு பறந்துவிடும். இரண்டு வழி: எண்ணுக்கு முன்னால் # போடுங்கள், அல்லது எஃப்12 அழுத்தி டைனமிக் இன்புட்டை அணைத்துவிடுங்கள். சர்வே எண்களை அடிக்கும்போது நான் அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

இன்னொரு குறி நட்சத்திரம். யுசிஎஸ் மாற்றிய நிலையில் இருக்கும்போது, *421350.20,1446120.40 என்று அடித்தால், இது வேர்ல்டு எண் என்று ஆட்டோகேட் புரிந்துகொள்ளும். அச்சைத் திருப்பி வேலை செய்துகொண்டிருக்கையில் சர்வேயர் போனில் ஒரு புள்ளி சொன்னால், வேர்ல்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

## சர்வே புள்ளிகளைக் கொண்டுவருவது

கையால் சரிபார்க்க வசதியாக, எண்களை எளிதாக்கிய ஒரு மனையை எடுத்துக்கொள்கிறேன். மீட்டர் கணக்கு. ஒவ்வொன்றிலும் முதலில் ஈஸ்டிங் (கிழக்குத் தூரம்), பிறகு நார்த்திங் (வடக்குத் தூரம்):

புள்ளி 1: 421350.20, 1446120.40
புள்ளி 2: 421362.20, 1446129.40
புள்ளி 3: 421350.20, 1446145.40
புள்ளி 4: 421338.20, 1446136.40

1-லிருந்து 2-க்குக் கிழக்கே 12, வடக்கே 9. பிதாகரஸ் போட்டால் 15 மீட்டர். இது சாலைப் பக்கம். 1-லிருந்து 4-க்கு மேற்கே 12, வடக்கே 16, ஆக 20 மீட்டர், இது ஆழம்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியிலிருந்து வரும் பட்டியலில் வரிசை பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: புள்ளி எண், நார்த்திங், ஈஸ்டிங், உயரம், குறிப்பு. நார்த்திங் முதலில் வருகிறது. ஆட்டோகேடோ எக்ஸ் எண்ணை முதலில் கேட்கிறது, எக்ஸ் என்பது ஈஸ்டிங். வரிசையை மாற்றாமல் அப்படியே ஒட்டினால் மனை கண்ணாடியில் பார்த்தது போல் இடவலம் மாறி வரும். பக்கங்களின் நீளம் அத்தனையும் சரியாக இருக்கும், பரப்பளவும் சரியாக இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. செவ்வக மனையில் இந்தத் தவறு ரொம்ப நாள் ஒளிந்துகொள்ளும். கிணறு, மின்கம்பம், மரம் என்று ஏதாவது ஒரு அடையாளம் சாலையைப் பார்த்து நின்றால் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று சைட்டில் கேட்டு, படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு போன் போதும்.

எக்செல்லில் ஈஸ்டிங், ஒரு கமா, நார்த்திங் என்று மூன்றையும் ஒட்டி ஒரே நெடுவரிசை ஆக்குங்கள். ஆட்டோகேடில் எஃப்12 அணைத்து, பிலைன் (தொடர்கோடு) கமாண்ட் கொடுத்து, அந்த நெடுவரிசையை நகலெடுத்துக் கமாண்ட் லைனில் ஒட்டினால் மனை தானே வரைந்துகொள்ளும். கடைசியில் க்ளோஸ் கொடுத்து மூடுங்கள். ஒட்டும் முன் ஐகானில் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ல்டில் இல்லாமல் ஒட்டினால் எல்லாம் வீண்.

## அச்சை மனை மேல் வைப்பது

இதுதான் மொத்த வேலையின் நடுப்பகுதி. நிதானமாகச் செய்யுங்கள்.

1. ஓஸ்நாப்இசட் என்று அடித்து 1 கொடுங்கள். ஏன் என்பதை அடுத்த பத்தியில் சொல்கிறேன்.
2. ஓஸ்நாப் என்பது கர்சரைப் புள்ளியில் சரியாகப் பிடித்து நிறுத்தும் வசதி. அதில் கோட்டின் முனையைப் பிடிக்கும் எண்ட்பாயிண்ட் மட்டும் இயங்கட்டும், மற்றதை அணையுங்கள்.
3. யுசிஎஸ் என்று அடித்து எண்டர். ஆரிஜின் எங்கே என்று கேட்கும். புள்ளி 1-ஐச் சொடுக்குங்கள்.
4. எக்ஸ் அச்சில் ஒரு புள்ளி கேட்கும். புள்ளி 2-ஐச் சொடுக்குங்கள்.
5. எக்ஸ்-ஒய் தளத்தில் ஒரு புள்ளி கேட்கும். புள்ளி 4-ஐச் சொடுக்குங்கள்.

முதல் படியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சர்வே புள்ளிகளுக்கு உயரமும் இருக்கும். புள்ளி 1 ஒரு மட்டத்திலும் புள்ளி 2 அதைவிட 60 சென்டிமீட்டர் மேலேயும் இருந்தால், உங்கள் எக்ஸ் அச்சு தரையோடு போகாமல் அந்தச் சரிவில் ஏறும். அச்சு முறை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேலிருந்து பார்க்கையில் தெரியவே தெரியாது. அந்த 1 கொடுத்துவிட்டால், ஓஸ்நாப் பிடிக்கும் புள்ளியின் உயரத்தை விட்டுவிட்டு, நடப்புத் தளத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்ளும்.

இப்போது கர்சரின் குறுக்குக் கோடுகள் மனையோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். புள்ளியின் எண்ணைச் சொல்லும் ஐடி கமாண்ட் கொடுத்து மூலைகளைச் சொடுக்கிப் பாருங்கள். புள்ளி 2 என்பது 15,0. புள்ளி 3 என்பது 15,20. புள்ளி 4 என்பது 0,20. இந்த எண்கள் வந்தால் அச்சு சரியாக உட்கார்ந்துவிட்டது. வராமல் 14.99 போல வந்தால் மனை சரியான செங்கோணம் இல்லை என்று பொருள். அது உண்மையான நிலவரம், அதைத் திருத்தாதீர்கள்.

உடனே சேமியுங்கள். யுசிஎஸ், பிறகு நேம்டு, பிறகு சேவ், ஒரு பெயர். இதை விட்டால் அடுத்த முறை மூன்று புள்ளியையும் மறுபடி சொடுக்க வேண்டும், வேறு யாராவது வேறு மூலையைச் சொடுக்குவார்கள். ஒரே கோப்பில் இரண்டு ஆரிஜின் உலவ ஆரம்பித்தால் அளவுகள் கலந்துவிடும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: யுசிஎஸ், ஆப்ஜெக்ட் என்று கொடுத்து ஒரு கோட்டைத் தொட்டால், தொட்ட இடத்துக்கு அருகில் உள்ள முனை ஆரிஜின் ஆகி, எக்ஸ் அச்சு கோட்டோடு படுத்துக்கொள்ளும். ஒரு சாய்ந்த சுவரில் மட்டும் வேலை என்றால் இது போதும். முடிந்ததும் யுசிஎஸ், பிரீவியஸ் கொடுத்தால் பழைய அச்சு திரும்பிவிடும். கடைசிப் பத்து அச்சுகள் வரை நினைவில் வைத்திருக்கும்.

## திரையை நிமிர்த்துவது

அச்சு திரும்பிவிட்டது, ஆனால் மனை இன்னும் கோணலாகத் தெரிகிறது. கழுத்தைச் சாய்த்து வேலை செய்ய வேண்டாம். பிளான் என்று அடித்து எண்டர், நடப்பு யுசிஎஸ் என்பதற்கு இன்னொரு எண்டர். திரை சுழன்று மனை நேராக நிற்கும். நகர்ந்தது உங்கள் பார்வைதான். கோடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. யுசிஎஸ்ஃபாலோ என்ற வேரியபிளை 1 ஆக்கினால் அச்சு மாறும்போதெல்லாம் இது தானாக நடக்கும். ஒவ்வொரு முறையும் திரை தாவுவது எனக்குப் பிடிக்காது, அதனால் 0-விலேயே விட்டிருக்கிறேன்.

இனி வழக்கமான வேலை. முன்பக்கம் 3 மீட்டர், இரு பக்கமும் 1.5, பின்னால் 2 மீட்டர் காலியிடம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விதி என்னவோ அதைப் போடுங்கள்). ரெக்டாங்கிள் கொடுத்து 1.5,3 என்று அடித்து, அடுத்த மூலைக்கு @12,15. கட்டட எல்லை வந்துவிட்டது. ஆர்த்தோ, அரே (வரிசையாக நகலெடுப்பது), லீனியர் டைமன்ஷன் (நேர் அளவு), ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோலம்) எல்லாம் இந்த அச்சையே பின்பற்றும். செங்கல் ஹேட்ச் சுவரோடு நேராகப் போகும், டைமன்ஷன் எழுத்து நிமிர்ந்து நிற்கும். டிம்ஆர்டினேட் போட்டால் அளவு மனை மூலையிலிருந்து தொடங்கும். தூண் மையங்களைக் குறிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது.

தாளில் எடுக்கும்போது: லேஅவுட்டில் (அச்சிடும் தாள்) வியூபோர்ட்டுக்குள் (தாளில் படம் தெரியும் சட்டம்) இருமுறை சொடுக்கி நுழைந்து, சேமித்த யுசிஎஸ்ஸை ரீஸ்டோர் செய்து, பிளான் கொடுங்கள். அந்த வியூபோர்ட்டில் மட்டும் மனை நேராக நிற்கும். பக்கத்து வியூபோர்ட்டில் வடக்கு மேலே இருக்கும்படி சைட் பிளானை அப்படியே விடலாம். பிளான் கமாண்ட் ஜூமைக் கலைத்துவிடும். அதனால் ஸ்கேலை அதற்குப் பிறகு மறுபடி வைத்து, வியூபோர்ட்டைப் பூட்டுங்கள். வடக்கு அம்பை மாடல் பக்கத்திலேயே வேர்ல்டில் வரைந்துவிட்டால், அதுவும் கூடவே சுழலும். நம் எடுத்துக்காட்டில் அது செங்குத்துக்கு வலப்பக்கம் 36.87 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும்.

## சர்வேயருக்குத் திருப்பிக் கொடுப்பது

யுசிஎஸ் கொடுத்து, வேர்ல்டு என்பதற்கு வெறும் எண்டர். மறுபடி பிளான், வேர்ல்டு. இப்போது ஐடி கொடுத்துக் கட்டட எல்லையின் முதல் மூலையைச் சொடுக்குங்கள். மனை அச்சில் 1.5,3 என்று நீங்கள் வைத்த அதே மூலை, 421349.60, 1446123.70 என்று காட்டும்.

காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மனையின் எக்ஸ் திசையில் ஒரு மீட்டர் போனால் கிழக்கே 0.8, வடக்கே 0.6. ஒய் திசையில் ஒரு மீட்டர் போனால் மேற்கே 0.6, வடக்கே 0.8. எனவே 1.5-க்குக் கிழக்கே 1.2, வடக்கே 0.9. 3-க்கு மேற்கே 1.8, வடக்கே 2.4. கூட்டினால் மேற்கே 0.6, வடக்கே 3.3. புள்ளி 1-லிருந்து அவ்வளவு நகர்த்தினால் அதே எண். எந்தச் சுழற்சிக் கோணத்தையும் யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை, அதனால் 37 ஆக்கவும் வழியில்லை.

ஐடி, லிஸ்ட் இரண்டுமே நடப்பு யுசிஎஸ் கணக்கில்தான் பதில் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. வேர்ல்டுக்குப் போகாமல் எடுத்த எண்ணைச் சர்வேயருக்கு அனுப்பினால், 1.5, 3 என்ற எண்ணை அவர் கருவி எங்கே தேடும்?

## உயரம் ஒட்டிக்கொண்டு வந்தால்

வெறும் பிளான்தான் போடுகிறோம், இசட் எதற்கு என்று தோன்றும். சர்வே புள்ளியைப் பிடித்து வரைந்த கோட்டில் உயரம் சத்தமில்லாமல் ஏறிவிடும். 15 மீட்டர் முன்பக்கம், 0.60 மட்ட வித்தியாசம் என்றால் தூரம் அளக்கும் டிஸ்ட் கமாண்ட் 15.012 காட்டும். ஃபில்லட் இரண்டு கோட்டையும் சேர்க்க மறுக்கும், ஹேட்ச் எல்லையைக் கண்டுபிடிக்காது. டிஸ்ட் பதிலில் டெல்டா இசட் என்ற வரியைப் பாருங்கள். 0 இல்லையென்றால் இதுதான் காரணம். ஃபிளாட்டன் கமாண்ட் தேர்ந்தெடுத்தவற்றைத் தரையில் படுக்க வைக்கும். மூலச் சர்வே கோப்பில் இதைச் செய்யாதீர்கள், அந்த மட்டங்கள் பிறகு வேண்டும். நகலில் செய்யுங்கள்.

முப்பரிமாணத்தில் சுவர் மேல் ஜன்னல் வரைய வேண்டும் என்றால், யுசிஎஸ்ஸில் ஃபேஸ் கொடுத்து அந்தச் சுவர் முகத்தைத் தொடுங்கள், அல்லது எஃப்6 அழுத்தி டைனமிக் யுசிஎஸ்ஸை இயக்கினால் கர்சர் எந்த முகத்தின் மேல் போகிறதோ அதில் அச்சு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். இசட் எந்தப் பக்கம் என்று குழம்பினால் வலது கையை நீட்டுங்கள்: கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், உள்ளங்கைப் பக்கம் மடக்கிய நடுவிரல் இசட். எக்ஸ்ட்ரூட் அந்த நடுவிரல் பக்கம்தான் எழும்பும்.

## எக்ஸ்ரெஃபும் பெரிய எண்களும்

வேறொரு கோப்பை எக்ஸ்ரெஃப் (நகலெடுக்காமல் இணைப்பாக மட்டும் காட்டுவது) ஆகச் சேர்க்கும் முன், பிளாக் செருகும் முன், வேர்ல்டுக்குத் திரும்புங்கள். செருகும்போது அந்தக் கோப்பின் வேர்ல்டு, உங்கள் நடப்பு யுசிஎஸ்ஸோடு பொருந்தும். அச்சு 36.87 டிகிரி சாய்ந்திருந்தால் எக்ஸ்ரெஃபும் அதே அளவு சாய்ந்து, மனை மூலையை ஆரிஜினாக எடுத்துக்கொண்டு எங்கோ போய் விழும்.

சர்வே எண்கள் பெரியவை. ஆட்டோகேட் ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டில், ஏறக்குறைய 15 இலக்கத் துல்லியத்தில் வைத்திருக்கிறது. மீட்டரில் இருக்கும்வரை கவலையில்லை. மில்லிமீட்டருக்கு மாற்றினால் நார்த்திங் மட்டுமே பத்து இலக்கம் ஆகிவிடும். ஹேட்ச் நொறுங்குவது, வட்டம் உடைந்து தெரிவது, ஜூம் செய்யும்போது கோடுகள் நடுங்குவது எல்லாம் அங்கேதான் தொடங்கும். இதற்கும் சர்வேயை 0,0-க்கு இழுக்க வேண்டாம். கட்டடத்துக்குத் தனிக் கோப்பு வைத்து, அதில் முதல் கிரிட் சந்திப்பை 0,0 ஆக்கி, மில்லிமீட்டரில் நேராக வரையுங்கள். சைட் கோப்பு மீட்டரில் உண்மையான இடத்தில் இருக்கட்டும். சைட் கோப்பில் மனை யுசிஎஸ்ஸை வேண்டுமென்றே ரீஸ்டோர் செய்து, கட்டடக் கோப்பை அந்த அச்சில் எக்ஸ்ரெஃப் செருகினால், கோணம் எதையும் அடிக்காமலே கட்டடம் மனையில் போய் உட்காரும். மேலே சொன்ன எச்சரிக்கைக்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

## அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

421350 என்பது யுடிஎம் என்ற உலகக் கட்ட முறையின் எண். பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மையக் கோட்டுக்கும் 500000 மீட்டர் ஈஸ்டிங் கொடுத்திருக்கிறார்கள். 78 டிகிரி கிழக்கு நெடுங்கோடு தமிழ்நாட்டின் குறுக்கே ஓடுகிறது. சென்னை, திருச்சி, சேலம், மதுரை 44-ஆம் பட்டையில். கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி 43-இல். இலங்கை முழுவதும் 44-க்குள் அடங்கும், ஆனால் அங்கே நில அளவைக்குத் தனிக் கட்டம் உண்டு. திண்டுக்கல் பக்கம் வேலை என்றால் எந்தப் பட்டை என்று வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும், எல்லைக்கோடு அங்கேயே போகிறது.

பழைய வரைபடங்களோடு பொருத்தும்போது இன்னொரு கவனம் வேண்டும். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில், பரங்கிமலைப் பக்கம், சங்கிலியால் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கில் இருக்கின்றன. இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்84 கணக்கில் இருக்கிறது. இரண்டையும் மாற்றாமல் அடுக்கினால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். ஜியோகிராஃபிக்லொகேஷன் கமாண்டில் சரியான முறையைத் தேர்ந்தெடுத்து, செயற்கைக்கோள் படத்தைக் கீழே வரவழைத்துப் பாருங்கள். மனை சாலையோரத்தில் விழ வேண்டும்.

நீண்ட மனைப்பிரிவு போடுபவர்களுக்கு ஒன்று: யுடிஎம் பட்டையின் மையக் கோட்டில் தரையின் 100 மீட்டர், கட்டத்தில் 99.96 மீட்டர். வீட்டு மனையில் இது பொருட்டில்லை. ஒரு கிலோமீட்டர் சாலையில் 40 சென்டிமீட்டர் ஆகிவிடும், சர்வேயரிடம் கட்டத் தூரமா தரைத் தூரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன மனைகளுக்குப் பல சர்வேயர்கள் யுடிஎம் எடுப்பதே இல்லை. ஒரு மூலைக்கு 1000,1000 என்று தாங்களே வைத்துக்கொண்டு அளப்பார்கள். அந்த எண்களும் நகர்த்தக் கூடாதவைதான். சைட்டில் சிமெண்டில் பதித்த ஆணி அந்த 1000,1000-ஐத்தான் குறிக்கிறது. மறுபடி கருவியை அதன் மேல் நிறுத்தும்போது உங்கள் கோப்பிலும் அந்த ஆணி அதே எண்ணில் இருக்க வேண்டும்.